அரசு அமைப்புகளைச் சந்தேகிப்பது ஜனநாயகத்துக்குக் கேடா?

வழிப்போக்கன்:
தேர்தல், நீதிமன்றம், நாடாளுமன்றம், எதைப் பேசினாலும் "எல்லாம் ஏமாற்று" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இது ஜனநாயகத்தைக் கரையானாய் அரித்துவிடும். அமெரிக்காவைப் பாருங்கள். 2000 அதிபர் தேர்தலில் முடிவைத் தீர்மானித்த புளோரிடா மாநிலத்தில் வித்தியாசம் 537 வாக்குகள்தான். மறுஎண்ணிக்கையை நிறுத்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் உடன்பாடில்லை என்று சொல்லிவிட்டே, தோற்ற வேட்பாளர் அல் கோர் தோல்வியை ஏற்றார். 2020இல் தோற்ற டிரம்ப் ஏற்கவில்லை. 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் அவருடைய ஆதரவாளர் கும்பல் புகுந்தது.

முல்லைக்கொடி:
கோர் செய்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் சந்தேகப்படும் மக்களை ஏன் குற்றவாளியாக்குகிறீர்கள்? 2005 ஜெர்மனி தேர்தலில் பயன்படுத்திய வாக்கு இயந்திரங்கள் அரசியல் சாசனத்துக்கு முரணானவை என்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. முறைகேடு நடந்ததாக அது சொல்லவில்லை. தொழில்நுட்பம் தெரியாத சாதாரண குடிமகனும் சரிபார்க்கும்படி தேர்தல் இருக்க வேண்டும் என்றது. எங்களை நம்பச் சொல்லும் முன் பார்க்க விடுங்கள்.

வழிப்போக்கன்:
அந்தத் தீர்ப்பைத் தந்ததும் ஓர் அரசு அமைப்புதானே? அதை நம்பித்தானே மேற்கோள் காட்டுகிறீர்கள்! அப்புறம், பார்க்க விட்டால் அடங்கிவிடுவார்களா? 2020இல் ஜார்ஜியா மாநிலத்தில் சுமார் 50 லட்சம் வாக்குச்சீட்டுகளைக் கையால் திரும்ப எண்ணினார்கள். பைடனே ஜெயித்தார். கூச்சல் ஓய்ந்ததா?

முல்லைக்கொடி:
சரி, நியாயமான கேள்வி. அவர்கள் முதலிலேயே முடிவு கட்டிவிட்டவர்கள். எந்தக் கணக்கும் அவர்களை அசைக்காது. என் கவலை, பதில் கிடைத்தால் ஏற்கத் தயாராக இருப்பவர்களைப் பற்றியது. அவர்கள்தான் அதிகம் என்று நம்புகிறேன். அவர்களையும் அந்தக் கும்பலோடு சேர்த்து வாயை அடைத்தால், கடைசியில் அந்தப் பக்கமே போய்ச் சேருவார்கள்.

பனையோலை:
இருவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வாக்குச்சீட்டு எண்ணும் மேசையில் நான் முகவராக உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு சீட்டையும் பிரித்துத் தூக்கிக் காட்டுவார்கள். எதிர்த்தரப்பு முகவரும் நானும் கழுத்தை நீட்டிப் பார்ப்போம். ஒரு சீட்டில் முத்திரை இரண்டு கட்டங்களுக்கும் நடுவே, கோட்டின் மேல் விழுந்திருந்தது. கால் மணி நேரம் வாதாடினோம். தேர்தல் அலுவலர் செல்லாது என்று ஒதுக்கிவிட்டார். எங்கள் வேட்பாளர் தோற்றார். முடிவுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அந்த அலுவலர் நேர்மையானவரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எண்ணிக்கை சரி என்று தெரியும்.