புதுப்பிப்பு: படகில் வி.எச்.எஃப். ஆன்டெனா பொருத்தியாச்சு

ஃபைபர் படகில் வி.எச்.எஃப். ரேடியோவுக்கான (கடலில் படகுகள் பேசிக்கொள்ளும் ரேடியோ) ஆன்டெனாவைப் பக்கக் கம்பியில் வைப்பதா, கூரைச் சட்டத்தில் வைப்பதா, கெயின் (அலையைக் குவிக்கும் அளவு) 3 டெசிபலா 6 டெசிபலா என்று முன்பு கேட்டிருந்தேன். கடைசியில் கூரைச் சட்டம், 3 டெசிபல்.

உயரம்தான் முடிவு செய்தது. தண்ணீரிலிருந்து 1.5 மீட்டரில் இருந்தால் ரேடியோ அடிவானம், அதாவது அலை எட்டும் தூரம், சுமார் 5 கிலோமீட்டர். 4 மீட்டரில் 8ஐத் தாண்டும். எதிர்முனை ஆன்டெனாவின் உயரம் தரும் தூரம் அதோடு சேரும். 6 டெசிபல் ஆன்டெனா அலையைத் தட்டையாக ஒடுக்கி அனுப்பும். சின்னப் படகு அலையில் சாயும்போது அது ஒரு தடவை வானத்துக்கும் மறு தடவை தண்ணீருக்கும் போகும், என்ன பிரயோஜனம்?

கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். மெல்லிய ஆர்ஜி-58 என்றால் 6 மீட்டரிலேயே ஏறக்குறைய கால்வாசி சக்தி போய்விடும். தடித்த ஆர்ஜி-213ல் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் அதை வளைப்பது பெரும்பாடு, கை வலி இன்னும் போகவில்லை. கனெக்டரைப் பற்றவைத்து, தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்றினேன். உள்ளே நுழையும் இடத்துக்கு முன் கேபிளைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டிருக்கிறேன், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1.5க்குக் கீழே காட்டுகிறது, 1ஐ நெருங்க நெருங்க நல்லது. சோதனையை வேறொரு சேனலில் செய்தேன். சேனல் 16 ஆபத்து அழைப்புக்கும் முதலில் கூப்பிடுவதற்கும் உரியது, சோதனைக்கு அதைத் தொடக் கூடாது. அடுத்து ஜி.பி.எஸ். இணைப்பு.