'ரவுண்ட்' பெயரா, பெயரடையா? ஒரு வழி சொல்லுங்கள்

வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகள் 11ஆம் தரம், தமிழ் மொழிமூலம். இரண்டு மாதமாக ஆங்கிலச் சொல்வகையில் சிக்கி நிற்கிறாள். நேற்று இரவு கொப்பியை மூடிவிட்டு அழுதேவிட்டாள்.

'த ஃபைனல் ரவுண்ட்' என்றால் பெயர், 'எ ரவுண்ட் டேபிள்' என்றால் பெயரடை, 'ஷி லிவ்ஸ் ரவுண்ட் த கோர்னர்' என்றால் முன்னிடைச்சொல். தமிழில் வட்டமான, வட்டமாக என்று சொல்லின் முடிவே காட்டிக்கொடுக்கும். இங்கே உருவம் மாறுவதே இல்லை.

அகராதி பார்த்தோம், எல்லா வகையும் வரிசையாகக் கிடக்கிறது. முன்னால் 'எ', 'த' வந்தால் பெயர் என்று சொல்லிக்கொடுத்தேன். 'எ ரவுண்ட் டேபிள்' அதையும் கவிழ்த்துவிட்டது. டியூஷனில் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

வாக்கியத்தில் முதலில் எதைக் கவனிக்க வேண்டும் என்று உங்கள் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?