‘வந்துட்டேன்’ கெட்டுப்போன தமிழா?

பெரியப்பா: சின்னவள் நேற்று இரவு குழுவில் போட்ட குரல் செய்தியை இப்போதுதான் கேட்டேன். ‘வந்துட்டேன்’, ‘பாத்துட்டிருக்கேன்’, ‘போய்டுச்சு’. ஒரு சொல்கூட முழுசாக இல்லை. இப்படியே போனால் தமிழில் என்ன மிஞ்சும்?

அத்தை: நாமும் அப்படித்தானே அண்ணா பேசுகிறோம்.

பெரியப்பா: பேசலாம்மா. மூலச்சொல் தெரிந்து பேச வேண்டும்.

நான்: பெரியப்பா, ‘வந்துட்டேன்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். வந்து, விட்டேன். ‘விடு’ என்றால் பிடித்ததை விடுவது. ஆனால் ‘வந்துவிட்டேன்’ என்னும்போது யாரும் எதையும் விடவில்லை, வந்தாயிற்று என்று மட்டும்தான் பொருள். பழைய பொருள் தேய்ந்தது, பின்னாலேயே ஓசையும் தேய்ந்தது. எல்லா மொழியிலும் விகுதிகள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன. பிரெஞ்சில் ‘பாடுவேன்’ என்பதற்கு ‘ஷான்த்ரே’ என்கிறார்கள். அதன் மூலம் பேச்சு லத்தீனின் ‘கந்தாரே ஹபேயோ’, அதாவது ‘எனக்குப் பாட இருக்கிறது’. இரண்டு சொல் ஒன்றாகிவிட்டது.

அக்கா: என்னோடு வேலை செய்யும் கன்னடப் பெண் ஹல்லு, ஹுலி, ஹத்து என்றாள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ‘ஹ’ வரும் இடத்தில் ‘ப’ போட்டுப் பார் என்றாள். பல், புலி, பத்து! அன்று முழுக்க அதே நினைப்புதான்.

நான்: பழைய கன்னடக் கல்வெட்டுகளில் அங்கும் ‘ப’தான் அக்கா. பிறகு மாறியது. நாமும் மாறியிருக்கிறோம். நம் ‘செவி’ கன்னடத்தில் ‘கிவி’. அந்த முதல் ‘க’தான் பழையது, ‘ச’ ஆக்கியது நாம். பழம்பாடல்களில் ‘நாற்றம்’ என்றால் நறுமணம்கூட. இன்று யாரிடமாவது சொல்ல முடியுமா?

தம்பி: சரி, முதல் மொழி எப்படி வந்தது?

நான்: எழுத்துக்கே வயது சுமார் 5,000 ஆண்டுதான். பேச்சு அதைவிட வெகு பழையது, காற்றோடு போய்விட்டது. ஆளாளுக்கு ஊகம் சொன்னதால் பாரிஸ் மொழியியல் சங்கம் 1866-இல் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று விதி போட்டது. ஆனால் ஒரு மொழி பிறந்ததை நம் காலத்திலேயே பார்த்திருக்கிறார்கள். மத்திய அமெரிக்க நாடான நிகராகுவாவில்.

தம்பி: எப்படி?

நான்: அங்கே காது கேளாத பிள்ளைகள் அதுவரை வீட்டுக்குள் தனித்தனியாக, ஆளுக்கொரு சைகையோடு இருந்தார்கள். 1970களின் கடைசியில் மனாகுவா நகரில் அவர்களுக்கான பள்ளியில் பெரிய கூட்டமாகச் சேர்ந்தார்கள். ஆசிரியர்கள் உதட்டசைவு பார்த்து ஸ்பானிஷ் கற்கச் சொன்னார்கள், அது ஏறவில்லை. பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் பேருந்திலும் தங்களுக்குள் சைகை பேசினார்கள். பின்னால் வந்த குட்டிகள் அதை எடுத்து இலக்கணமே கட்டிவிட்டார்கள். ‘உருண்டு இறங்கியது’ என்பதை முதலில் வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே கையசைவில் காட்டினார்கள். அடுத்து வந்தவர்கள் ‘உருள்’ தனி, ‘கீழே’ தனி என்று பிரித்து அடுத்தடுத்து வைத்தார்கள். பிரித்தால்தானே வேறு வாக்கியத்திலும் பயன்படுத்த முடியும்!

பெரியப்பா: யாரும் சொல்லித்தராமலா?

நான்: ஆமாம் பெரியப்பா. ஆசிரியர்களுக்கே புரியவில்லை. 1986-இல் ஜூடி கெகல் என்ற மொழியியலாளரை வரவழைத்தார்கள்.

அத்தை: படிக்கும்போதே மெய்சிலிர்க்கிறது.

பெரியப்பா: சின்னவள் எழுந்ததும் எனக்குப் போன் போடச் சொல். ‘போய்டுச்சு’க்குள் எந்தச் சொல் ஒளிந்திருக்கிறது என்று அவளையே கண்டுபிடிக்கச் சொல்கிறேன்.