‘ஹார்மோன் மாற்று சிகிச்சை’: அந்த ‘மாற்று’ நமக்கு வேண்டுமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மாதவிடாய் நிற்கும் வயதில் தரப்படும் ஹார்மோன் மருந்துகளுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் ‘ஹார்மோன் மாற்று சிகிச்சை’ என்று இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும் என்று கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். போன மாதம் அந்தச் சொல் என் சித்தியைக் கலங்கடித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

சித்திக்கு 51 வயது. தக்கலைப் பக்கம் அண்டியாபீசில், அதாவது முந்திரிப்பருப்பு ஆலையில், வேலை. உடம்பு திடீர் திடீரென்று கொதிப்பதை அண்டி வறுக்கிற சூடு என்றே நினைத்திருந்தார். மழை நாளில், மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்தும் நெஞ்சிலிருந்து முகம் வரை அவிச்சல் ஏறி, துணி நனைந்து எழுந்த பிறகுதான் டாக்டரிடம் போனோம். அங்கே தந்த தாளில் இந்தப் பெயர். வெளியே வந்ததும் கேட்டார்: “யாருக்க ஹார்மோன மக்களே எனக்கு வைக்கப் போறாவ?”

சிறுநீரக மாற்று, கல்லீரல் மாற்று என்று செய்தித்தாளில் வாசிக்கிறவர் அப்படிக் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. ‘மாற்று’ என்றால் இன்னொருவருடையதை எடுத்து வைப்பது என்பது இன்று ஊரறிந்த பொருள். ‘மாற்று மருத்துவம்’ என்ற வழக்கும் இருக்கிறது. அதை நினைத்து இது ஏதோ பச்சிலை வைத்தியம் என்று கொள்பவர்களும் உண்டு. இரண்டு பொருளும் இந்த மருந்துக்குப் பொருந்தாது.

நேற்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார்:

> ‘இயக்குநீர் மீள்நிரப்பு மருத்துவம்’ எனலாம். குறைந்ததை நிரப்புவதுதானே இது?

முதலில் ‘இயக்குநீர்’. 1905இல் ஆங்கிலேய உடலியல் அறிஞர் ஸ்டார்லிங் ‘ஹார்மோன்’ என்ற பெயரை வைத்தபோது, தூண்டி இயக்குதல் என்ற கிரேக்க வினையிலிருந்துதான் எடுத்தார். ஆகவே ‘இயக்குநீர்’ பொருத்தமான ஆக்கமே, பாடநூலில் இருக்கட்டும். நோயாளி கையில் தரும் தாளில் ‘ஹார்மோன்’ போதும் என்பது என் எண்ணம். அந்தச் சொல் அண்டியாபீஸ் வரை வந்துவிட்டது.

‘மீள்நிரப்பு’தான் எனக்குச் சிக்கலாகப் படுகிறது. ஐம்பது வயதை ஒட்டி இயல்பாக மாதவிடாய் நின்றவருக்கு, முப்பது வயதில் இருந்த அளவுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை ஏற்றிவிடுவது நோக்கமே இல்லை. அவிச்சலும் தூக்கமின்மையும் தணியும் அளவுக்குக் குறைவாகத் தருகிறார்கள். ஆங்கிலத்திலும் இதனால்தான் பல மருத்துவ அமைப்புகள் பழைய பெயரிலிருந்து ‘பதிலீடு’ என்ற பகுதியை விட்டுவிட்டு, ‘மாதவிடாய் நிற்கும் கால ஹார்மோன் சிகிச்சை’ என்று பொருள்படும் பெயருக்கு வந்திருக்கின்றன. அவர்கள் இறக்கி வைத்ததை நாம் தூக்கிச் சுமக்க வேண்டாம்.

ஆனால் 40 வயதுக்கு முன்பே சினைப்பை ஓய்ந்துபோனவர்களுக்கு? அவர்களுக்கு இது உண்மையிலேயே இழப்பை ஈடுகட்டுவது. எலும்பும் இதயமும் கெடாமல் இருக்க, இயல்பாக நிற்கும் வயது வரும்வரை, அதாவது ஏறத்தாழ 50 வரை, தருகிறார்கள். ஆகவே இரண்டு சொற்களை முன்வைக்கிறேன்:

நிற்றல்கால ஹார்மோன் சிகிச்சை – வயதில் நிற்பவர்களுக்கு.
ஈடுசெய் ஹார்மோன் சிகிச்சை – முன்கூட்டியே நின்றவர்களுக்கு.

‘ஈடுசெய் விடுப்பு’ எல்லா அலுவலகத்திலும் புழங்குவதால் இரண்டாவது சொல் எளிதில் ஏறும்.

‘ஒரே மருந்துக்கு இரண்டு பெயரா?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். பெயர் ஒன்றாக இருந்ததால் நேர்ந்ததைப் பாருங்கள். 2002இல் அமெரிக்காவின் பெரிய பெண்கள் நல ஆய்வில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் (புரோஜெஸ்டரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனைப் போன்ற செயற்கை மருந்து) சேர்ந்த பிரிவைப் பாதியில் நிறுத்தினார்கள். 10,000 பெண்கள் ஓராண்டு எடுத்தால் மார்பகப் புற்று கூடுதலாக 8 பேருக்கு, பக்கவாதம் கூடுதலாக 8 பேருக்கு. இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்குக் குறைவு. அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. அந்த வயதுக்காரர்களின் கணக்கை 35 வயதில் நின்றுபோன பெண்ணும் தனக்கென்று எடுத்துக்கொண்டால், தேவையான மருந்தைத் தூக்கி எறிந்துவிடுவாள். இரண்டு பெயர் இருந்தால் ‘எது எனக்கு?’ என்று கேட்கவாவது இடம் கிடைக்கும்.

அடுத்து ‘மாதவிடாய் நிறுத்தம்’. வேலைநிறுத்தம், போர்நிறுத்தம் எல்லாம் யாரோ நிறுத்துவது. நம் ஊரில் எந்தப் பெண்ணும் ‘நிறுத்தினேன்’ என்பதில்லை. ‘நின்னு போச்சு’ என்றுதான் சொல்வார். தன்வினை. ஆகவே ‘நிற்றல்’. சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் போகிறவர்கள் அங்கே ‘ஆர்த்தவ விராமம்’ என்று பார்த்திருப்பார்கள். அதிலும் தானாக ஓய்வதுதான் பொருள். ‘நின்ற கால’ என்று நான் வைக்காததற்குக் காரணம் உண்டு. 12 மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால்தான் நின்றதாகக் கணக்கு. தொல்லையோ அதற்குச் சில ஆண்டு முன்பே தொடங்கிவிடும், மருந்தும் அப்போதே தொடங்கலாம். ‘நிற்றல்கால’ என்றால் முன்னும் பின்னும் அடங்கும்.

இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்கிறேன். ‘பக்கவிளைவு’ என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட வேண்டாம். மார்பகம் வலி எடுத்துக் கனப்பது, குமட்டல், வயிறு உப்புசம், தலைவலி, இடையில் சொட்டுச் சொட்டாக உதிரம் படுவது ஆகியவை பெரும்பாலும் முதல் சில மாதங்களில் அடங்கும். அடங்காவிட்டால் அளவையோ வகையையோ மாற்றலாம். இவை பக்கவிளைவு. இரத்தக்கட்டி, பக்கவாதம், மார்பகப் புற்று ஆகியவை வேறு. அவற்றை ‘இடர்’ என்று தனியே எழுதுவோம். இடர் ஆளைப் பொறுத்தும் மருந்தின் வழியைப் பொறுத்தும் மாறும். மாத்திரை குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போவதால் இரத்தம் உறையும் இடர் கூடுகிறது. தோலில் பூசும் ஜெல்லிலும் ஒட்டும் பட்டையிலும் அது குறைவு. மார்பகப் புற்று வந்தவர்களுக்கும், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்களுக்கும் வழக்கமாக இந்தச் சிகிச்சையைத் தருவதில்லை.

கருப்பை இருப்பவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் தந்தால் அதன் உட்படலம் தடித்துப் புற்றாகலாம். அதனால் புரோஜெஸ்டோஜனும் (புரோஜெஸ்டரோன் அல்லது அதைப் போன்ற மருந்து) சேர்க்க வேண்டும். கருப்பை எடுத்தவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். இவற்றை ‘இணைவகை’, ‘தனிவகை’ என்று குறிக்கலாமா? சித்திக்கு இணைவகை: காலையில் ஜெல், இரவில் புரோஜெஸ்டரோன் மாத்திரை. அந்த மாத்திரை தூக்கம் வரவழைக்கும் என்பதால் இரவில்.

திடீர் வெப்ப எழுச்சிக்கு ‘அவிச்சல்’ என்றே பட்டியலில் சேர்க்க விரும்புகிறேன். குமரி, நெல்லை தாண்டி இந்தச் சொல் புரியுமா என்பதை மதுரை, கொங்குப் பக்கத்து உறுப்பினர்கள் வீட்டில் கேட்டு எழுதுங்கள். புரியாது என்றால் ‘வெக்கையெழுச்சி’ என்று வைத்துக்கொள்ளலாம்.