சர்வரிடமிருந்து பதில் வராதபோது லைப்ரரி ‘நன்’ என்று திருப்பலாமா?

கேள்வி:
கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகளுக்குக் காய் அனுப்பும் மண்டிகளுக்காகப் பைத்தானில் ஒரு கிளையன்ட் லைப்ரரி எழுதியிருக்கிறேன். எடைமேடையிலிருந்து வண்டி இறங்கியதும் சீட்டு எண்ணையும் நிகர எடையையும் அது ஆலையின் சர்வருக்கு அனுப்பும். மண்டிக் கணக்கர் பத்து வரிப் பிழைச் செய்தியைக் கண்டு பதறக் கூடாது என்பதற்காக, எந்தப் பிழை வந்தாலும் பிழையின் வகை சொல்லாத வெறும் ‘எக்ஸெப்ட்’ (except) போட்டுப் பிடித்து, ‘மதிப்பு ஏதும் இல்லை’ என்று பொருள்படும் ‘நன்’ (None) என்று திருப்பிவிடுகிறேன். ‘நன்’ வந்தால் செயலி மறுபடி அனுப்பும். சென்ற வாரம் காவேரிப்பட்டணத்திலிருந்து வந்த ஒரே லோடு, 4,180 கிலோ, இரண்டு முறை பதிவாகிவிட்டது. தவறு எங்கே இருக்கிறது?

மறுமொழி 1:
கணக்கர் பதறக் கூடாது என்ற அக்கறை சரிதான். ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது திரை, லைப்ரரி அன்று. இணைப்பே கிடைக்காதது, சர்வரை அணுகும் ரகசியச் சாவி தவறென்று சர்வர் 401 என்ற குறியீட்டால் சொன்னது, அனுப்பிய பின் பதில் வராமலே காத்திருப்பு நேரம் கடந்து டைம்அவுட் ஆனது ஆகிய மூன்றையும் உங்கள் ‘நன்’ ஒன்றாக்கிவிடுகிறது. முதல் இரண்டில் பதிவு நடக்கவில்லை என்பது உறுதி. மூன்றாவதில், சர்வர் பதிவு செய்து முடித்த பிறகு பதில் மட்டும் வழியில் அறுந்திருக்கலாம். உங்களுக்கு நேர்ந்தது அநேகமாக இதுதான். ஒவ்வொன்றுக்கும் தனி எக்ஸெப்ஷன் (பிழை) வகுப்பு வைத்து, ‘ரெய்ஸ்... ஃப்ரம்’ (raise ... from) மூலம் மூலப் பிழையையும் சேர்த்தே மேலே அனுப்புங்கள். வெறும் ‘எக்ஸெப்ட்’, நிரலை நிறுத்த அழுத்தும் கண்ட்ரோல்-சியையும் விழுங்கிவிடும்.

மறுமொழி 2:
சீட்டு எண் கையில் இருக்கிறதே! அதே எண் மறுபடி வந்தால் புதுப் பதிவு போடாமல் பழைய பதிலையே தருமாறு சர்வர் இருந்தால், எத்தனை முறை அனுப்பினாலும் கெடுதல் இல்லை. ‘கோரிக்கைகள் மிகுதி’ என்னும் 429, ‘இப்போது சேவை இல்லை’ என்னும் 503 குறியீடுகள் வந்தால், பதிலில் உள்ள ‘ரிட்ரை-ஆஃப்டர்’ (Retry-After) சொல்லும் நேரம்வரை காத்திருங்கள். பைத்தானில் கோரிக்கை அனுப்பப் பயன்படும் ‘ரிக்வெஸ்ட்ஸ்’ லைப்ரரியை நீங்கள் பயன்படுத்தினால், அது தானாக டைம்அவுட் வைக்காது. நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

கேட்டவர்:
நன்றி. சர்வர் ஆலையுடையது, அதில் என்னால் கை வைக்க முடியாது. சீட்டு எண்ணைக் கொண்டு தேடும் வசதி மட்டும் உண்டு.

மறுமொழி 1:
அப்படியானால் டைம்அவுட் ஆன சீட்டை ‘நிலுவை’ என்று குறித்துவைத்து, சற்றுப் பொறுத்துத் தேடிப் பாருங்கள்; உடனே தேடினால், முதல் கோரிக்கை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘இல்லை’ என்று பதில் வரக்கூடும். பிறகும் கிடைக்காவிட்டால், மறுபடி அனுப்பலாமா என்று செயலி கணக்கரிடமே கேட்கட்டும். இன்னொன்று: சாவியை இணைய முகவரியிலேயே (URL) ஒட்டி அனுப்புகிறீர்களானால், பிழைச் செய்தியோடு அதுவும் லாக் கோப்பில் போய் உட்கார்ந்துவிடும், கோரிக்கையின் தலைப்பிற்கு (ஹெடர்) மாற்றிவிடுங்கள்.