திறமூல மென்பொருளில் உங்கள் முதல் பங்களிப்பு: பெங்களூர்க்காரர்கள் நடந்ததைச் சொல்லுங்கள்

அல்சூர் ஏரிக்கரை:

என் அறைத்தோழரின் தம்பி ஓசூரில் கடைசி ஆண்டு படிக்கிறார். "அண்ணா, கிட்ஹப்பில் ஏதாவது செய்ய வேண்டும், எங்கே தொடங்குவது?" என்று போன வாரம் கேட்டார். கிட்ஹப் என்பது, யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறமூல நிரல்கள் பலவற்றை வைத்திருக்கும் தளம். வழிகாட்டிகள் கொட்டிக் கிடக்கின்றன. எல்லாம் ‘ஃபோர்க் எடு, கிளை போடு, புல் ரிக்வெஸ்ட் அனுப்பு’ (நிரலை நகலெடு, தனிக் கிளையில் மாற்று, மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேள்) என்ற ஒரே சமையல் குறிப்புதான். அடுப்படியில் கை சுட்டுக்கொண்ட கதையை யாரும் எழுதுவதில்லை. அதைத்தான் இங்கே கேட்கிறேன். முதலில் என்னுடையது.

அம்மாவின் சமையல் குறிப்புகளை அக்கா பல ஆண்டுகளுக்கு முன் பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்து வைத்திருந்தாள். அதை யூனிகோடுக்கு (ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் தரும் பொதுத் தரம்) மாற்றி, நான் பயன்படுத்தும் குறிப்பேட்டுச் செயலியில் ஏற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘கொத்தமல்லி’ என்று தேடினால் ஒன்றுமே இல்லை என்கிறது. ‘மல்லி’ என்றால் பதினான்கு குறிப்புகள் வந்து நிற்கின்றன. கத்தரிக்காய் கிடைக்கிறது, கொத்தவரங்காய் இல்லை. மிளகு ரசம் உண்டு, மோர்க்குழம்பு இல்லை. அரை மணி நேரம் காய்கறி காய்கறியாகத் தட்டிப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது: ஒகரமோ ஓகாரமோ ஏறிய எழுத்து இருந்தால் அந்தச் சொல் சிக்குவதில்லை.

காரணம் இதுதான். ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம். ககரத்தின் பின்னால் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். அல்லது ஒற்றைக்கொம்பு தனி, துணைக்கால் தனி என்று இரண்டாக வைக்கலாம். திரையில் வேறுபாடே தெரியாது. இரண்டும் சமம் என்று யூனிகோடு தரமே சொல்கிறது, ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் முறையையும் தருகிறது. செயலி அந்த வேலையைச் செய்யாமல் எண்ணுக்கு எண் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. எழுத்துரு மாற்றி கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போட்டிருந்தது. என் விசைப்பலகை சேர்த்துப் போட்டது.

உடனே புது இஷ்யூ (வழுப் புகார்) திறக்கக் கை பரபரத்தது. நல்ல வேளை, முதலில் தேடினேன். கொரிய மொழிக்காரர் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இதே வழுவைப் பதிந்திருந்தார். அவர்களுடைய எழுத்தும் இப்படித் துண்டு துண்டாகப் பிரியக்கூடியது. யாரும் சீண்டாமல் கிடந்தது. அதன் கீழேயே எழுதினேன்: இந்தச் சொல்லை ஒட்டுங்கள், இப்படித் தேடுங்கள், இது வர வேண்டும், ஆனால் இது வருகிறது. பதினோரு நாள் கழித்துச் செயலியின் பராமரிப்பாளர் வந்தார். "தமிழிலும் இப்படியா? தீர்வு அனுப்புகிறீர்களா?"

தீர்வு என்னவோ இரண்டு வரிதான். அனுப்பினேன். "சோதனை எங்கே?" என்று திரும்பி வந்தது. திருத்தம் சரியாக ஓடுகிறதா என்று தானாகப் பார்க்கும் நிரல் அது. அதை எழுத மூன்று இரவுகள். பிறகு இன்னொரு கேள்வி: தேடும்போது மட்டும் மாற்றினால் எப்படி, தேடலுக்கான அட்டவணையில் ஏற்றும்போதே மாற்ற வேண்டாமா, ஏற்கெனவே ஆயிரம் குறிப்பு வைத்திருப்பவரின் அட்டவணையை என்ன செய்வது? நான் யோசித்தே பார்க்காத விஷயம். ஆறு வாரம் இழுத்து, ஒருவழியாக உள்ளே போனது. நிரல் ஒன்பது வரி. சோதனை அறுபது வரிக்கு மேல். அந்தச் சோதனைக் கோப்பில் இன்றைக்கும் ‘கொத்தவரங்காய்’ உட்கார்ந்திருக்கிறது.

கோப்பைக்காரி:

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஜெயநகரில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். மொழிபெயர்ப்பு வழியாக உள்ளே வந்தவள். லிப்ரெஆபிஸ் அலுவலகத் தொகுப்புக்கு வெப்லேட், பயர்பாக்ஸுக்குப் பான்டூன் என்று உலாவியிலேயே வேலை செய்யும் இடங்கள் இருக்கின்றன. கிட் (நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) என்ன நிறம் என்றே தெரியாமல் பங்களிக்கலாம்.

என் பெயருக்கு வருகிறேன். ஒரு கோப்பு மேலாளரைத் தமிழாக்கினோம். அழிக்கும் முன் வரும் கேள்விக்கு, ‘கோப்பை நீக்கவா?’ என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன். புதிய பதிப்பு வந்தபோது எட்டாவது படிக்கும் என் மகன் திரையைப் பார்த்து, "எந்தக் கோப்பை அம்மா? காபி குடித்ததா?" என்றான். இலக்கணப்படி ஒரு பிழையும் சொல்ல முடியாது, வேடிக்கையே அதுதான். ‘கோப்பினை’ என்று திருத்தி அனுப்பினேன். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

புதிதாக வருபவர்கள் இடறும் இடம் இன்னொன்று இருக்கிறது. ‘%1’, ‘%2’ என்று மூலத்தில் வெற்றிடம் விட்டிருப்பார்கள், ஓடும்போது அங்கே எண்ணோ பெயரோ வந்து அமரும். ஆங்கிலத்தில் இருக்கும் அதே வரிசையில்தான் போட வேண்டும் என்று நினைத்துப் பலரும் வாக்கியத்தை முறுக்கிப் பிழிந்து வைக்கிறார்கள். தேவையில்லை, %2 முன்னால் வரலாம். ஆனால் ‘%2-க்கு’ என்று வேற்றுமை உருபை ஒட்ட வைத்தால், திரையில் ‘படங்கள்-க்கு’ என்று பல்லிளிக்கும். ‘%2 என்ற கோப்புறைக்கு’ என்று எழுதினால் எந்தப் பெயர் வந்தாலும் தாங்கும்.

‘சேமி’யா ‘சேமிக்கவும்’ஆ என்று எங்கள் குழுவில் ஒரு மாதம் சண்டை நடந்தது. மரியாதை போய்விடும் என்றார் ஓர் ஐயா. பொத்தானை அழுத்தும்போது நாம்தான் கணினியை ஏவுகிறோம், அதற்கு என்ன மரியாதை, ‘சேமி’ போதும். கணினி நம்மிடம் கேட்கும்போது ‘சேமிக்கவும்’ என்று கேட்கட்டும் என்றேன். அவர் ஒரு நாள் பேசவில்லை. பிறகு ஒப்புக்கொண்டார்.

மடிவாளா வெள்ளிக்கிழமை:

அக்காவின் கோப்பை சிரிக்க வைத்தது. என் கதை கொஞ்சம் அழுகை ரகம். எடுத்த எடுப்பில் லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலில் போய் முட்டிக்கொண்டேன். அங்கே புல் ரிக்வெஸ்ட் பொத்தானெல்லாம் செல்லாது. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை உருவாக்கியதே கெர்னல் வேலைக்காகத்தான்; ஆனாலும் ஒட்டுகளை (நிரலில் செய்த மாற்றங்களை) இன்றும் மின்னஞ்சலில்தான் அனுப்ப வேண்டும்.

உலாவியிலிருந்து அழகாக அனுப்பினேன். எளிய உரையாக இல்லை என்று மின்னஞ்சல் பட்டியலின் சேவையகம் அப்படியே திருப்பி எறிந்தது. எளிய உரையாக மாற்றி மறுபடி அனுப்பினால், டேப் எல்லாம் இடைவெளியாகிப் போய் ஒட்டு ஒட்டவே இல்லை. கிட்டிலேயே மின்னஞ்சல் அனுப்பும் கட்டளை இருக்கிறது என்பதும், அனுப்பும் முன் ஒட்டைச் சரிபார்க்கும் செக்பேட்ச் என்ற நிரலை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதும் அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் முறை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. வெள்ளி இரவு மடிவாளாவில் சேலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது பராமரிப்பாளரிடமிருந்து பதில் வந்தது. ஒரே சொல்: "ஏன்?"

ஓசூர் தாண்டும் வரை கோபம். இவ்வளவு பெரிய மனிதருக்கு ஒரு வணக்கம் சொல்ல நேரமில்லையா? கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது, நமக்கு இதெல்லாம் வராது என்று தோன்றிவிட்டது. தொப்பூர் கணவாயில் தூக்கம் கலைந்து, நான் அனுப்பியதை நானே ஒருமுறை படித்தேன். ‘மாறியின் தொடக்க மதிப்பை நீக்கினேன்’ என்று எழுதியிருந்தேன். நீக்கியதுதான் ஒட்டிலேயே தெரிகிறதே. ஏன் நீக்கினேன் என்று ஒரு வரிகூட இல்லை. அவர் என்னைத் திட்டவில்லை, உண்மையாகவே கேட்டிருக்கிறார். எந்தப் பாதையில் போனாலும் அந்த மாறிக்குப் படிக்கும் முன்பே மதிப்பு வந்துவிடுகிறது என்று விளக்கி, ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்தே அனுப்பினேன். புதன்கிழமை ஏற்றுக்கொண்டார். அப்போதும் வணக்கம் சொல்லவில்லை.

ஒயிட்ஃபீல்டு மெட்ரோ:

கெர்னல் ஒட்டின் அடியில் ‘சைன்டு-ஆஃப்-பை’ என்று பெயர் போடும் வரி ஒன்று உண்டு, 2004-இலிருந்து. இதைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது என்று கையெழுத்திடுவது அது. வேலைக்குப் போகிறவர்கள் கையெழுத்திடும் முன் தங்கள் பணி ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். நான் வேலை பார்த்த நிறுவனத்தின் ஒப்பந்தத்தில், வீட்டில் சொந்தக் கணினியில் எழுதுவதும் அவர்களுக்கே சொந்தம் என்று ஒரு பிரிவு இருந்தது. அனுமதி கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். நான்கு மாதம் கழித்து ஒரு வரியில் "ஆட்சேபணை இல்லை" என்றார்கள். அந்த மின்னஞ்சலை அச்செடுத்து வாடகை ஒப்பந்தத்தோடு வைத்திருக்கிறேன்.

பெருங்காய டப்பா:

மறுபக்கத்திலிருந்து ஒருவன். தேதிகளைக் கையாளும் சின்ன நிரலகம் (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) ஒன்றைத் தனியாளாகப் பராமரிக்கிறேன். பகலில் அலுவலகம், இரவில் பிள்ளைக்கு வீட்டுப்பாடம், அதற்குப் பிறகுதான் உங்கள் புல் ரிக்வெஸ்ட். பதினோரு நாள் ஆவது அதனால்தான் தம்பி.

அக்டோபர் வந்தால் எனக்கு நடுக்கம். புல் ரிக்வெஸ்ட் அனுப்புவோருக்குச் சட்டை தந்த அக்டோபர் விழாவான ஹேக்டோபர்ஃபெஸ்ட் 2014-இல் தொடங்கியது, நல்ல எண்ணத்தோடுதான். சட்டைக்கு ஆசைப்பட்டு அறிமுகக் கோப்பில் ஒரு ‘அருமை’ சேர்த்து அனுப்பியவர்களை ஒரே வாரத்தில் முப்பது பேர் வரை எண்ணினேன். 2020-இல் பராமரிப்பாளர்கள் போட்ட கூச்சலில், விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டும் என்று நடுவிலேயே விதியை மாற்றினார்கள். இப்போது வேறு தினுசு. என் நிரலகத்தில் இல்லாத செயற்கூற்றில் (ஃபங்ஷன்) வழு இருப்பதாக, நான்கு பத்தியில், வழுக்கும் மொழியில் அறிக்கை வருகிறது. யார் எழுதியது, எது எழுதியது என்று புரிவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடுகிறது.

ஒரு பெண், "லீப் ஆண்டு பிப்ரவரி 29-க்கு ஓராண்டு கூட்டினால் மார்ச் 1 வருகிறது, இது வேண்டுமென்றே செய்ததா?" என்று மட்டும் கேட்டிருந்தார். நிரல் ஒன்றும் அனுப்பவில்லை. நான் அப்படி நினைத்துச் செய்யவில்லை. அந்த ஒரு கேள்வியால் இரண்டு வாரம் உட்கார்ந்து ஆவணத்தைத் திருத்தி எழுதினேன். அவர் பெயரை நன்றிப் பட்டியலில் முதலில் போட்டேன்.

ஓசூர்த் தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். நான்தான் அந்தத் தம்பி. ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, என் கணினியில் நிறுவவே இரண்டு நாள் ஆகிவிட்டது. ஆவணத்தில் பைத்தான் நிரல்மொழியின் 3.6 பதிப்பு போதும் என்று இருக்கிறது. அதற்கான ஆதரவு 2021 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. 3.9-க்குக் கீழே இருந்தால் நிறுவும்போதே உடைகிறது. வேறு வழு எதுவும் என் கண்ணில் படவில்லை. இதைப் போய் அனுப்பினால் சிரிப்பார்களா?

பெருங்காய டப்பா:

உடைந்தபோது வந்த பிழைச் செய்தியை எடுத்து வைத்திருக்கிறீர்களா?

ஓசூர்த் தம்பி:

வைத்திருக்கிறேன் அண்ணா.

பெருங்காய டப்பா:

அதையும் சேர்த்து அனுப்புங்கள். ‘ஏன்’ என்று ஒரு வரி மறக்காமல் எழுதுங்கள், இல்லாவிட்டால் மடிவாளாக்காரர் பஸ்ஸில் பட்ட பாடு உங்களுக்கும்.

ஓசூர்த் தம்பி:

இப்போது நானும் பஸ்ஸில்தான் இருக்கிறேன். அத்திப்பள்ளியில் நெரிசல். வீட்டுக்குப் போனதும் அனுப்புகிறேன்.