நாடித்துடிப்பு 44: ஓட்டக்காரப் பையன், இரும்பு தூக்குகிறவர், பாலாற்று மணல்

ஓட்டக்காரனின் அம்மா, வேலூர்

பையனுக்குப் பதினாறு வயது. 1500 மீட்டர் ஓடுகிறான். எங்கள் 'வெயிலூரில்' பகலில் ஓட முடியாது, அதனால் விடிகாலை ஐந்தரைக்கே நேதாஜி ஸ்டேடியத்தில் இருப்பான். போன வருஷம் போட்டிக்குச் சர்டிபிகேட் கேட்டார்கள் என்று பக்கத்துக் கிளினிக்கில் ஈசிஜி எடுத்தோம். துடிப்பு நிமிடத்துக்கு 44. இதயத்தின் இடது கீழறை தடித்திருக்கலாம் என்று மெஷினே அச்சடித்திருந்தது. "ஓட்டத்தை நிறுத்திடுங்க" என்றார் அங்கிருந்தவர். மாமியார் அன்றைக்கே ஷூவைப் பரண்மேல் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. என் கொழுந்தனார் 34 வயதில் தூக்கத்திலேயே போனவர்.

இதய மருத்துவர் ஈசிஜியைப் பார்த்ததைவிடக் கேள்வி கேட்டதுதான் அதிகம். மயக்கம் வந்ததுண்டா? ஓடும்போதா, ஓடி முடித்தா? முடித்துவிட்டுச் சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தங்கித் தலை சுற்றும், அது பெரும்பாலும் சாதாரணம். ஓட்டத்தின் நடுவே விழுவதற்குத்தான் பயப்பட வேண்டுமாம். எக்கோ என்கிற இதய ஸ்கேனில் இதயச் சுவர் 11 மி.மீ., உள்ளறை சற்றுப் பெரிது. பழகிய இதயம் ஒரே துடிப்பில் நிறைய ரத்தம் தள்ளுகிறது, அதனால் சும்மா இருக்கும்போது மெதுவாகத் துடித்தாலே போதும். பரம்பரையாக வரும் தசைத் தடிப்பு நோய் வேறு. சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது, அதில் சுவர் தடிக்கும், உள்ளறை பெரும்பாலும் சுருங்கும். சுவர் 13 முதல் 15 மி.மீ. வரை இருந்தால்தான் குழப்பம். சிலரை மூன்று மாதம் பயிற்சியை நிறுத்தச் சொல்லி மறுபடி பார்ப்பார்கள். பயிற்சியால் வந்த தடிப்பு குறைந்துவிடும், நோய் குறையாது.

கொழுந்தனாருடைய பழைய ரிப்போர்ட் எதுவும் எங்களிடம் இல்லை. அதனால் பையனுக்கு வருஷம் ஒருமுறை எக்கோ.

அப்புறம் அந்த அறையில்தான் அவன் வாயைத் திறந்தான். காய்ச்சலோடு இரண்டு நாள் ஓடியிருக்கிறான், சொன்னால் மாஸ்டர் டீமிலிருந்து எடுத்துவிடுவார் என்று. டாக்டர் முகம் மாறியது அதற்கு மட்டும்தான். வைரஸ் காய்ச்சல் இதயத் தசையையும் தாக்கலாம், அந்தச் சமயத்தில் ஓடினால் துடிப்பே தாறுமாறாகலாம் என்றார். ஷூ பரணிலிருந்து இறங்கிவிட்டது. இப்போது தெர்மாமீட்டர் என் கையில்.

இரும்பு தூக்குகிறவன், சத்துவாச்சாரி

அக்கா, எங்கள் பக்கம் பளுதூக்குதல்தான். 2014, 2018 காமன்வெல்த் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கத்தின் ஊர் இது. மூச்சை அடக்கித் தூக்கும் நொடிகளில் ரத்த அழுத்தம் எகிறும், அதற்கு ஈடுகொடுத்து இதயச் சுவரும் கொஞ்சம் தடிக்கலாம். எனக்கு 12 மி.மீ. டாக்டர் முதலில் கேட்டது, "ஊசி போடுறியா?" கோபம் வந்தது. ஸ்டீராய்டும் சுவரைத் தடிக்க வைக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. நான் போடவில்லை. போடுகிறவர்கள் ஜிம்மில் அதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள்.

பி.டி. வாத்தியார், ஆற்காடு

பாலாற்று மணலில் கால்பந்து. பந்துக்கு ஓடிய பையன் ஒருவன் யாரும் தொடாமலே விழுந்தான், கை கால் வெட்டியது. வலிப்பு என்று நினைத்து ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார், இன்னொருவர் சோடா வாங்க ஓடினார். நானும் ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன், ஒப்புக்கொள்கிறேன். இதயம் நின்றாலும் அப்படி வெட்டும் என்று எனக்குத் தெரியாது. வேடிக்கை பார்க்க வந்த நர்சிங் படிக்கும் பெண்தான் "மூச்சு இல்ல சார்" என்று கத்தி, நடு நெஞ்சில் அழுத்த ஆரம்பித்தாள். நிமிடத்துக்கு நூறு, நூற்றிருபது தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு. மாறி மாறி அழுத்தினோம். 108 வந்து ஷாக் கொடுத்த பிறகுதான் துடிப்பு திரும்பியது.

மேலே அந்த அம்மா சொன்ன அதே பரம்பரை நோய்தான். இப்போது நெஞ்சுக்குள் ஷாக் கொடுக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். ஆடுவதில்லை, கோட்டோரம் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுகிறான். சாவிக்கொத்துக்காரர் மட்டும் தன்னால்தான் பையன் பிழைத்தான் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.